முத்திரை பதித்த நகை: ரப்பர் அச்சும் கைவண்ணமும் சேர்ந்தால் வீட்டிலேயே ஒரு தொழில்



நபி (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்கு இஸ்லாமிய அழைப்புக் கடிதங்கள் அனுப்ப விரும்பியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெள்ளியில் ஒரு மோதிரம் செய்யப்பட்டது. அதில் 'முஹம்மது', 'ரசூல்', 'அல்லாஹ்' என மூன்று வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதே வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் நபியவர்கள் தடுத்தார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் விரல்களில் அந்த மோதிரம் இருந்தது. உஸ்மான் (ரலி) காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை.

அணியும் பொருளும் அச்சுப் பதிக்கும் பொருளும் ஒன்றாகவே இருந்ததை இந்த வரலாறு காட்டுகிறது. இன்று நம் பெண்களும் மாணவியரும் விரும்பிக் கற்கும் ஒரு கைத்தொழில், இந்த இரண்டையும் இன்னொரு விதத்தில் இணைக்கிறது. ரப்பர் அச்சால் வடிவங்களைப் பதித்து, காகிதம், களிமண், பிளாஸ்டிக் தகடு, துணி, மரம், மணி எனப் பல பொருள்களைச் சேர்த்து நகை செய்வதே அது. பல பொருள்கள் கலப்பதால் இதை 'மிக்ஸ்டு மீடியா' நகை என்று சொல்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு?

ஒரு பவுன் தங்கம் அரை லட்சத்தைத் தாண்டிப் பல நாள்களாகிவிட்டன. பெருநாளைக்கு மூன்று பெண் பிள்ளைகளுக்கும் உடைக்குப் பொருத்தமாகக் கழுத்துக்கும் காதுக்கும் வாங்க வேண்டுமென்றால், கவரிங் கடைக்குப் போனாலும் கணிசமான தொகை ஆகிவிடும். இன்னொரு பக்கம், பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள்கள், கணவர் வெளிநாட்டில் இருக்க மாதப் பணத்தை மட்டும் எதிர்பார்த்திருக்கும் மனைவியர், துணையை இழந்து பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் நம் ஊர்களில் ஏராளம். இவர்கள் வீட்டை விட்டு வெளியே போகாமல் ஒரு மேசை, ஒரு விளக்கு, சில நூறு ரூபாய் முதலீட்டில் தொடங்கக்கூடிய வேலை இது.

கையால் உழைப்பது நமக்குப் புதிதல்ல. உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் கிடைத்ததை இறைவழியில் தர்மம் செய்தவர்கள். நம் மண்ணில் பத்தமடையின் முஸ்லிம் பெண்கள் கோரைப் பாய் நெசவில் உலகப் பெயர் பெற்றவர்கள். நகை பற்றிய அறிவும் நமக்கு அந்நியமல்ல. முத்து வணிகத்துக்குப் பெயர்போன கடற்கரை ஊர்கள் நம்முடையவை. இலங்கையின் பேருவளையில் இன்றும் இரத்தினக்கல் சந்தையை நடத்துபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே.

அச்சு: கடையில் வாங்கலாம், வீட்டிலும் செதுக்கலாம்

இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையான பொருளாகிறது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் ரப்பர் முத்திரை சாத்தியமானது. அதற்கு முன்பிருந்தே மரக்கட்டை அச்சுகள் புழக்கத்தில் இருந்தன. குஜராத்தின் கட்ச் பகுதியில் கத்ரி முஸ்லிம்கள் இன்றும் மரஅச்சால் பதிக்கும் 'அஜ்ரக்' துணிகளைப் பாருங்கள். நட்சத்திரம், கொடி, பூ, வட்டம் மட்டுமே. உயிருள்ளவற்றின் உருவம் இருக்காது. ஒரே அச்சைத் திரும்பத் திரும்ப வைத்து ஒரு பெரும் அழகை உருவாக்குவதே அதன் இலக்கணம். நகைக்கும் இதே இலக்கணம் பொருந்தும்.

அச்சை மூன்று வழிகளில் பெறலாம்.

முதலாவது, கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஆயத்த அச்சுகள். மரப்பிடி வைத்த ரப்பர் அச்சும் உண்டு. கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பயன்படுத்தும் ஒளிபுகும் அச்சும் உண்டு. இரண்டாவதில் எந்த இடத்தில் பதிகிறது என்று மேலிருந்தே பார்க்க முடியும் என்பதால் புதியவர்களுக்கு எளிது.

இரண்டாவது, அலுவலக முத்திரை செய்து தரும் ரப்பர் ஸ்டாம்ப் கடை. நீங்கள் வரைந்து கொடுத்த வடிவத்தை அங்கேயே செய்து வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளேயே மை நிரம்பிய முத்திரைகளின் முகப்பு தட்டையாக இருக்கும். காகிதத்தில் பதியும், களிமண்ணில் பதியாது. களிமண்ணுக்கு வேண்டுமென்றால் மரப்பிடி வைத்த, ஆழமாக வெட்டிய ரப்பர் என்று சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, நீங்களே அழிரப்பரில் செதுக்குவது. செலவு மிகக் குறைவு. வடிவமும் முழுக்க உங்களுடையது.

எட்டு முனை நட்சத்திரம் செதுக்கும் முறை

குர்ஆன் பிரதிகளின் ஓரங்களில் ஹிஸ்பின் கால் பகுதியைக் காட்டும் குறியாக எட்டு முனை நட்சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிவாசல் ஓடுகள், மிம்பர் வேலைப்பாடுகள் பலவற்றிலும் இந்த வடிவமே அடிப்படை. இதை வரைவது சுலபம்.

படியெடுக்கும் மெல்லிய தாளில் 2 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வரையுங்கள். மூலைவிட்டங்களைப் போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, வலம், இடம் ஆகிய நான்கு திசைகளிலும் 1.4 செ.மீ. தொலைவில் புள்ளி வையுங்கள். நான்கையும் இணைத்தால் முதல் சதுரத்தின் அதே அளவில், சாய்ந்த இன்னொரு சதுரம் கிடைக்கும். இரண்டின் வெளிக்கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு முனை நட்சத்திரம்.

வரைந்த தாளைக் கவிழ்த்து, 3 செ.மீ. அகலமுள்ள வெள்ளை அழிரப்பர் மீது வைத்து நகத்தால் தேய்த்தால் பென்சில் கோடு ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். இப்படிக் கவிழ்த்துப் பதிப்பதில் ஒரு நன்மை: படம் ரப்பரில் தலைகீழாக விழும், அச்சிடும்போது நேராக வரும். அரபி, தமிழ் எழுத்துகளைச் செதுக்க இதுவே வழி. பிறகு கூரிய கட்டர் கத்தியால் கோட்டை ஒட்டி வெட்டி, வெளிப்பகுதியை அகற்றுங்கள். கத்தியை வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடித்து வெட்ட வேண்டும். உள்பக்கமாகக் குடைந்தால் முனைகள் அடித்தாங்கல் இல்லாமல் மடங்கி, சீக்கிரம் உடைந்துவிடும்.

மை: எதற்கு எது?

தொடங்குபவர்களின் உழைப்பு வீணாவது பெரும்பாலும் மை விஷயத்தில்தான். மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

சாய மை: காகிதத்தில் உடனே உறிஞ்சிக் காயும். தண்ணீரோ பசையோ பட்டால் பரவும்.

நிறமி மை: அடர்த்தியானது, மெதுவாகக் காயும். மேலே பொடி தூவி உருக்கும் எம்பாசிங் வேலைக்கு ஏற்றது.

கரைப்பான் கலந்த நிலையான மை: பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் போன்ற உறிஞ்சாத பரப்புகளிலும் ஒட்டும். நகை வேலைக்கு ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் கறுப்பு நிறத்தில் இதை வாங்குங்கள். இதன் வாசனை கடுமையானது. சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

அச்சை மைப்பட்டையில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. லேசாகத் தட்டித் தட்டி மை ஏற்ற வேண்டும். பதிக்கும்போது நேராக வைத்து, ஆட்டாமல் அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். வேலை முடிந்தவுடன் அச்சைத் துடைத்து வைப்பது முக்கியம். காய்ந்த மை நுண்ணிய கோடுகளை அடைத்துவிடும்.

முதல் வேலை: கண்ணாடிப் பதக்கம்

பிள்ளைகளும் செய்யக்கூடியது. தேவையானவை: 25 மி.மீ. பதக்கத் தட்டு, அதே அளவுள்ள குமிழ்க் கண்ணாடி, வெளிர் நிறக் கெட்டித்தாள், நிலையான மை, காய்ந்தால் ஒளிபுகும் பசை, கயிறு அல்லது சங்கிலி.

தாளில் முதலில் பின்னணி நிறம் கொடுங்கள். வாட்டர்கலர், டீ டிகாக்ஷன், வண்ணப் பென்சில் எதுவானாலும் சரி. நன்கு காய்ந்த பிறகு அச்சைப் பதியுங்கள். கண்ணாடியைத் தாள் மீது நகர்த்திப் பார்த்து, எந்தப் பகுதி அழகாகத் தெரிகிறதோ அங்கே பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டுங்கள். கண்ணாடியின் தட்டையான பக்கத்தில் நடுவில் ஒரு துளி பசை வைத்து, தாளின் அச்சுப் பக்கத்தை அதில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். காய்ந்ததும் தட்டில் ஒட்டி ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் புகைமூட்டமாகத் தெரியும். சாய மையில் பதித்தாலும், வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தாலும் பசை பட்டதும் கலங்கிவிடும். அதனால்தான் நிலையான மை.

காகிதத்துக்குப் பதிலாகப் பழைய நிக்காஹ் பத்திரிகையின் பொன்னிறத் தாள், கிழிந்த பட்டுப் புடவையின் ஜரிகை, தையல் கடையில் மிஞ்சும் துணித் துண்டு ஆகியவற்றையும் அடுக்கி மேலே அச்சிடலாம். நிக்காஹ் பத்திரிகைகளில் பிஸ்மியும் குர்ஆன் வசனமும் அச்சாகியிருக்கும். வெட்டும் முன் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து மரியாதையாக வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது வேலை: பாலிமர் களிமண் தொங்கட்டான்

பாலிமர் களிமண் உண்மையில் மண் அல்ல. சூட்டில் இறுகும் பிளாஸ்டிக். கையில் ஐந்து நிமிடம் பிசைந்து மென்மையாக்கி, இருபுறமும் ஒரே கனமுள்ள ஐஸ் குச்சிகளை அடுக்கி வைத்து, அவற்றின் மேல் உருளையை உருட்டினால் எல்லா இடத்திலும் சமமான, சுமார் 3 மி.மீ. கனமுள்ள தகடு கிடைக்கும். அச்சின் முகத்தில் சிறிது சோளமாவு தடவித் தட்டிவிட்டு, நேராக அழுத்தி எடுங்கள். மாவு இல்லையென்றால் தண்ணீர் தெளித்தாலும் ஒட்டாது. சிறு மூடியாலோ கட்டராலோ வெட்டி, ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளிப் பல்குச்சியால் துளையிடுங்கள். துளை ஓரத்தை ஒட்டி இருந்தால் வளையம் மாட்டும்போது பிய்ந்துவிடும்.

வழவழப்பான ஓட்டின் மீது வைத்து, பொட்டலத்தில் குறித்த வெப்பத்தில் சுட வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம். ஓ.டி.ஜி. அடுப்பு போதும், மைக்ரோவேவ் கூடாது. வெப்பம் மிஞ்சிக் கருகினால் தீங்கான புகை வரும். ஆகவே அடுப்பை விட்டு நகராதீர்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் தட்டையும் கரண்டியையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஆறிய பிறகு கறுப்பு அல்லது காப்பி நிற அக்ரிலிக் வண்ணத்தைப் பூசி, உடனே ஈரத்துணியால் மேல்பகுதியைத் துடையுங்கள். பள்ளங்களில் மட்டும் வண்ணம் தங்கி, பழங்கால வெள்ளிப் பாத்திரத்தின் சித்திர வேலை போல வடிவம் எழுந்து நிற்கும். பொன்னிறம் வேண்டுமென்றால், சுடுவதற்கு முன்பே மேடான பகுதிகளில் விரல் நுனியால் மைக்கா பொடியைத் தடவலாம்.

அடுப்பு இல்லாதவர்கள், காற்றில் உலரும் களிமண்ணில் இதையே செய்யலாம். ஒன்றிரண்டு நாள் திருப்பித் திருப்பி வைத்து உலர்த்தி வார்னிஷ் பூச வேண்டும். தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் உளூ செய்யும்போது நனையும் இடங்களுக்கு அது ஏற்றதல்ல. காது, கழுத்துக்குப் போதும்.

மூன்றாவது வேலை: சுருங்கும் தகடு

ஷ்ரிங்க் ஷீட் என்று கேட்டால் கிடைக்கும். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் தாள். சூடு பட்டதும் நீள அகலங்கள் பாதிக்கும் குறைவாகச் சுருங்கி, பல மடங்கு தடித்துக் கெட்டியான வில்லையாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அடுத்தது எப்போது என்று கேட்பார்கள்.

நிலையான மையால் பதித்து, வண்ணப் பென்சிலால் மிக லேசாக நிறம் தீட்டுங்கள்; சுருங்கும்போது நிறம் அடர்த்தியாகும். துளையைச் சுடுவதற்கு முன்பே, காகிதத் துளையிடும் கருவியால் போட வேண்டும். துளையும் சேர்ந்து சுருங்கும்; பின்னர் போட்டால் தகடு உடையும். பொட்டலத்தில் சொன்ன வெப்பத்தில் ஓரிரு நிமிடம் வைத்தால் முதலில் சுருண்டு, பின் தானாகவே தட்டையாகும். தட்டையானதும் எடுத்து, சூடு ஆறும் முன் கனமான ஓட்டால் அழுத்துங்கள். எந்த அளவுக்குச் சுருங்குகிறது என்று அறிய, முதலில் 10 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டைச் சுட்டு அளந்து குறித்துக்கொண்டால், இரண்டு காதுக்கும் ஒரே அளவில் செய்யலாம்.

பொடி தூவி உருக்கும் வேலை

கெட்டி அட்டையிலோ மெல்லிய மரவில்லையிலோ நிறமி மையால் பதித்து, ஈரம் காயும் முன் எம்பாசிங் பொடி தூவி, மிச்சத்தைத் தட்டி எடுத்துவிட்டு ஹீட் கன் கொண்டு சூடாக்கினால் பொடி உருகிப் பளபளவென்று புடைத்து நிற்கும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதன் காற்று பொடியைப் பறக்கடிக்கும், சூடும் போதாது.

இணைப்பதில்தான் உழைக்கும்

நகை அறுந்து விழுவது பெரும்பாலும் இணைப்பு வளையத்தில்தான். ஜம்ப் ரிங் எனப்படும் சிறு வளையத்தை இரு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மறு முனையைப் பின்னுமாகத் திருகித் திறக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டு, மூடிய பிறகும் இடைவெளி இருக்கும். மணி கோக்க ஐ பின், கீழே தொங்கவிட ஹெட் பின், காதில் மாட்ட கொக்கி அல்லது தோட்டுத் தண்டு, கழுத்துக்குப் பூட்டு என நான்கைந்து பொருள்களே தேவை. சென்னைக்கு வருபவர்கள் சௌகார்பேட்டையில் மொத்த விலையில் வாங்கலாம்.

காதில் மாட்டும் கொக்கியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவான உலோகக் கலவையில் நிக்கல் இருக்கும். அது பலருக்கு அரிப்பும் புண்ணும் தரும். துருப்பிடிக்காத ஸ்டீல், வெள்ளி, அல்லது நிக்கல் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மணி வைத்த நகை வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள்.

ரெசின் ஊற்றிச் செய்யும் நகைகளின் காணொளிகள் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் உறையாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்தால் பிறகு சிறிதளவு பட்டாலும் தொல்லைதான். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் விலகியிருப்பதே நல்லது.

எதைப் பதிக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

இலை, பூ, கொடி, பிறை, நட்சத்திரம், விளக்கு, குப்பா, வடிவியல் கோலங்கள் என நமக்கு இடம் விசாலமானது. மனித முகம், பறவை, விலங்கு ஆகிய உயிருள்ளவற்றின் உருவ அச்சுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ்வின் திருநாமங்களையும் குர்ஆன் வசனங்களையும் நகையில் பதிப்பதைத் தவிர்ப்பது பேணுதல். அணிபவர் கழிவறைக்குச் செல்லும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைப்பார் என்று நாம் உறுதி சொல்ல முடியாது. உடைந்தால் குப்பையில் விழும் அபாயமும் உண்டு. பிள்ளையின் பெயரை அழகிய அரபி எழுத்தில் பதித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் அதிகம், அதில் தடையில்லை. அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் போன்ற பெயர்களில் இறைவனின் திருநாமம் வருவதால், அங்கே மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்லிப் புரியவையுங்கள்.

இன்னொன்று மிக முக்கியமானது. இன்று கைவினை நகைச் சந்தையில் அதிகம் கேட்கப்படுபவற்றில் நீலக் கண் மணியும், ஐந்து விரல் கை வடிவமும் உள்ளன. கண்ணேறு படாமல் காக்கும் என்று சொல்லியே இவை விற்கப்படுகின்றன. கண்ணேறு உண்மை என்பது நபிமொழி. ஆனால் அதிலிருந்து காப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஒரு மணி காக்கும் என்று நம்பித் தொங்கவிடுவது ஈமானையே தொட்டுப் பார்க்கும் விஷயம். வருமானம் வருகிறது என்பதற்காக இதில் கை வைக்க வேண்டாம். கேட்பவர்களிடம் ஃபலக், நாஸ் அத்தியாயங்களை ஓதிப் பிள்ளைகள் மீது ஊதும் சுன்னத்தை நினைவூட்டுங்கள். விற்பனை ஒன்று போனாலும் நன்மை ஒன்று நிற்கும்.

மோதிரம் செய்பவர்கள் சற்றுத் தளர்வாகச் செய்யுங்கள். இறுக்கமான மோதிரத்தின் அடியில் உளூவின் நீர் போகாது. அசைத்து நீர் சேர்க்க இடம் இருக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் இந்த வேலையைக் கற்க விரும்பினால் சாவிக்கொத்து, புத்தக அடையாள அட்டை, தஸ்பீஹ் மணி போன்றவற்றைச் செய்யட்டும்.

விற்க நினைப்பவர்களுக்கு

விலை குறிப்பதில் நம் பெண்கள் தம் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பதக்கத்துக்குத் தட்டும் கண்ணாடியும் 25 ரூபாய், கயிறும் பூட்டும் 15, மை, தாள், பசை 5, வளையங்கள் 3, உறை 7 என்று வைத்தால் பொருள் செலவு 55 ரூபாய். அரை மணி நேர உழைப்புக்கு 40 ரூபாய். கெட்டுப்போகும் பொருளுக்கு 5 ரூபாய். ஆக அடக்க விலை 100 ரூபாய். இதற்கு மேல் வைப்பதுதான் இலாபம். 80 ரூபாய்க்கு விற்றால், கையில் காசு புழங்கினாலும் உங்கள் உழைப்பில் பாதியை இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

பொருளின் தன்மையை மறைக்காமல் சொல்லுங்கள். பொன்னிற வண்ணத்தைத் தங்க முலாம் என்று எழுதக் கூடாது. தண்ணீரில் நனைக்கலாமா, எவ்வளவு நாள் நிறம் நிற்கும் என்பதை உறையிலேயே எழுதி வையுங்கள். ஆர்டரின் பேரில் செய்வதாக இருந்தால் வடிவம், விலை, கொடுக்கும் தேதி மூன்றையும் முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள். மார்க்கச் சட்டத்தில் 'இஸ்திஸ்னா' என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு.

ஆயத்த அச்சு வாங்குபவர்கள், அந்த நிறுவனம் தன் வடிவத்தைப் பயன்படுத்திச் செய்த பொருளை விற்க அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையால் பதித்து விற்கலாம், இயந்திரத்தில் நகலெடுக்கக் கூடாது என்று சில நிறுவனங்கள் சொல்லும். சில முற்றிலும் தடுக்கும். பிறர் உழைப்பில் அனுமதியின்றிப் பங்கெடுப்பது அமானிதத்துக்கு மாறானது. நீங்களே செதுக்கிய அச்சு என்றால் இந்தக் கேள்வியே எழாது.

படம் எடுத்துப் போடுவதற்கு அணிந்து காட்ட வேண்டும் என்பதில்லை. காலைநேர வெளிச்சத்தில், சன்னலோரம், வெள்ளைத் துணி அல்லது மரப்பலகை மீது வைத்து எடுத்தால் நிறம் உள்ளபடி தெரியும். அளவு புரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஜகாத்தை மறக்க வேண்டாம்

அணிவதற்கான கண்ணாடி, களிமண், பிளாஸ்டிக் நகைகளுக்கு ஜகாத் இல்லை. பெண்கள் அணியும் தங்கம், வெள்ளி நகையில் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. வழக்கமான அளவில் அணிவதற்கென வைத்திருப்பதில் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஆனால் விற்பனைக்காகச் செய்த நகை எந்தப் பொருளில் ஆனாலும் வியாபாரச் சரக்குதான். சந்திர ஆண்டு நிறையும் நாளில் கையிருப்புச் சரக்கின் அன்றைய விற்பனை மதிப்பையும், கையிலுள்ள பணத்தையும் கூட்டிப் பார்த்து, நிஸாபை அடைந்தால் 2.5 சதவீதம், அதாவது 40-இல் ஒரு பங்கு, ஜகாத். குறடு, அடுப்பு, அச்சுகள் போன்ற கருவிகள் இதில் சேராது. உங்கள் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு ஊர் ஆலிமிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

பெருநாள் திடலில் நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு உபதேசம் செய்து தர்மத்தை வலியுறுத்தியபோது, அவர்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி பிலால் (ரலி) அவர்கள் விரித்த துணியில் போட்டார்கள். நகை மீது ஆசை இல்லாமல் அல்ல. அதைவிடப் பெரிய ஒன்றை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எப்படித் தொடங்குவது?

ஓர் அழிரப்பர், ஒரு கட்டர், ஒரு கறுப்பு மைப்பட்டை, பத்துப் பதக்கத் தட்டுகள். முதல் மாதத்துக்கு இவை போதும். முதல் பத்தையும் விற்காமல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மதரஸா உஸ்தாதாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள். அவர்கள் ஒரு மாதம் அணிந்த பின் எங்கே பிரிந்தது, எங்கே மங்கியது என்று கேட்டுத் திருத்துங்கள். அதன் பிறகு விலை குறியுங்கள். தெருவில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து அச்சுகளையும் அடுப்பையும் பொதுவாக வைத்துக்கொண்டால் ஒருவர் மீது செலவுச் சுமை விழாது. கோடை விடுமுறையில் மதரஸா வகுப்புக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், கைபேசியைக் கேட்கும் கைகளுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும்.

நம் பெண்களின் கைகளில் திறமையைத் தந்த அல்லாஹ், அந்த உழைப்பில் பரக்கத்தையும், அதில் வரும் பணத்தில் ஹலாலான தூய்மையையும், கொடுக்கும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.